கடைசி இராவுணவில் ஒரு டம்ளர் குறைகிறது

இயேசுவின் இடத்தில் பேயாண்டியை உட்கார வைத்தபோது ஊரில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"யக்கா, எம்பேரைக் கேட்டதுல இருந்தே ஒரு மாதிரியாப் பாக்குறாய்ங்க. இதுல இந்த சீட் வேறயா? ஓரமா ஏதாச்சும் சீடர் சீட் இருந்தாக் குடுங்க."

"நடுவுல இருக்கவரு ஆஸ்பத்திரியில இருக்காரு. நீதான் சும்மா இருக்க. கையை ஆசீர்வாதம் பண்ற மாதிரி தூக்கு" என்றாள் நுஸைபா.

பேயாண்டி கையைத் தூக்கினான். ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி இருந்தது.

நுஸைபா மதுரை காஜிமார் தெருக்காரி. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, எரிந்த கடைகளையும் எரிய வைத்த கடைகளையும் பல வருடம் போய்ப் பார்த்துச் சலித்து, சொந்தமாகத் துப்பறியும் நிலையம் வைத்தவள். தலையில் முக்காடு, கையில் ஸ்கூட்டர் சாவி, முகத்தில் எப்போதும் 'சரி, இப்ப உண்மையைச் சொல்லுங்க' என்கிற பார்வை. பேயாண்டி உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன். அவளுக்கு உதவியாளன் என்று போர்டில் எழுதியிருக்கிறது. அவன் உதவியதைவிடப் பேசியது அதிகம். ஆனாலும் அவனை விட்டுவிட்டு அவள் எந்தக் கேஸுக்கும் போனதில்லை.

இந்தக் கேஸ் அன்று காலையில்தான் வந்தது. மேலூரைத் தாண்டி, கல் குவாரிகளுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சம்மனசுபட்டியிலிருந்து செபஸ்தியம்மாள் என்ற பெண் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து கதவைத் தட்டி, ஒரே மூச்சில் சொல்லி அழுதுவிட்டாள்.

மற்ற ஊர்களில் பெரிய வெள்ளிக்கு, இயேசுவின் பாடுகளை நடிக்கிற பாஸ்கு என்றால் மேடை போட்டு, மைக் கட்டி, விடிய விடிய வசனம் பேசுவார்கள். சம்மனசுபட்டியில் நடப்பது நிற்கிற பாஸ்கு. ஒரு காலத்தில் இங்கே இருந்த இத்தாலிக்காரச் சாமியார் தம் சொந்த ஊர் வழக்கத்தை இங்கே கொண்டுவந்து நட்டுவிட்டுப் போனார். வண்டிக்கு ஒரு காட்சி. இயேசு, மாதா, சீடர்கள், போர்வீரர்கள் என்று வேசம் கட்டினவர்கள் சிலை மாதிரி அசையாமல் இருக்க, வண்டிகள் வரிசையாக ஊரைச் சுற்றி வரும். சாமியாருக்குத் தமிழ் வசனம் நாக்கில் ஏறாததுதான் உண்மையான காரணம் என்று ஊரில் ஒரு கட்சி இன்றைக்கும் சொல்கிறது. மாட்டு வண்டி போய் டிராக்டர் வந்துவிட்டது. சட்டம் மட்டும் மாறவில்லை. வேசம் அப்பனுக்குப் பிறகு பிள்ளைக்கு. ஆனால் கோயிலில் கிளம்பிக் கோயிலுக்குத் திரும்பும்வரை எவன் அசைந்தாலும் வேசம் அவன் வீட்டை விட்டுப் போய்விடும்.

நேற்று மாலை மூன்றாவது டிராக்டரில் கடைசி இராவுணவு. மேசை நடுவில், சாமியார் கொண்டுவந்த பழைய வெள்ளிக் கிண்ணம், உள்ளே கொஞ்சம் திராட்சை ரசம். வருடத்தில் இரண்டே தடவைதான் அது வெளியே வரும். வெள்ளிக்கிழமை ஊர்வலத்துக்கு, சனிக்கிழமை ராத்திரி ஈஸ்டர் பாஸ்கா பூசைக்கு. ஊர்வலம் திரும்பி வந்து பார்த்தால் கிண்ணம் இருந்த இடத்தில் தங்கத்தாள் சுற்றிய எவர்சில்வர் டம்ளர் நிற்கிறது.

பழி செபஸ்தியம்மாளின் மகன் மிக்கேல் மேல் விழுந்தது. அவனுக்கு, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசு வேசம். அந்தப் பழைய வழக்கப்படி பன்னிரண்டு பேர் மேசைக்குப் பின்னால் ஊரைப் பார்த்து உட்கார, யூதாசு மட்டும் இந்தப் பக்கம், ஊருக்கு முதுகைக் காட்டி உட்காருவான். கிண்ணம் அவன் மூக்குக்கு நேரே இருக்கும். மிக்கேல் போலீஸ் வேலைக்கு எழுதி, ஓடி, கயிறு ஏறி, எல்லாவற்றிலும் தேறியாகிவிட்டது. ஸ்டேஷனிலிருந்து வந்து 'பையன் எப்படி?' என்று விசாரிப்பதுதான் பாக்கி. இந்த நேரத்தில் அவன் பேரில் ஒரு திருட்டுக் கேஸ் எழுதப்பட்டால், மாட்டவேண்டிய காக்கிச் சட்டையை அவன் கனவில்தான் மாட்டவேண்டும்.

கேஸ் கொடுக்கத் துடித்துக்கொண்டிருந்தவர் பாஸ்குக் கமிட்டித் தலைவர் சந்தியாகு. சிமெண்ட் கடைக்காரர். வேசத்தில் பேதுரு. உடம்பும் கடையில் விற்கிற மூட்டைக்கு ஈடு கொடுக்கும்.

"போன் பண்ணியாச்சும்மா. மத்தியானம் ஏட்டு வாராரு. நீங்க உங்க திருப்திக்கு விசாரிச்சுக்கங்க" என்றார்.

அதனால்தான் இந்த ஏற்பாடு. கோயில் வாசலில் அதே டிராக்டர், அதே மேசை, அதே ஆட்கள். வேசம் மட்டும் இல்லை. லுங்கியும் பனியனுமாகச் சீடர்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால் கல்யாண வீட்டில் இரண்டாம் பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி இருந்தார்கள்.

"பதிமூணு பேரு சுத்தி உக்காந்திருக்கீங்க. நடு மேசையில இருந்த கிண்ணம் போயிருக்கு. ஒருத்தர் கண்ணுலயும் படலையா?" நுஸைபா கேட்டாள்.

தோமையார் வேசக்காரர் விரலைத் தூக்கிக் காட்டினார். "எனக்கு இந்த விரலைத்தான் பாக்கணும்னு சட்டம். எங்க அய்யா காலத்துல இருந்து விரலைத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்."

"நான் வானத்தைப் பாக்கணும்" என்றார் மத்தேயு.

"நான் இந்தச் சாவியை" என்றார் சந்தியாகு. பேதுருவின் கையில் மோட்சத்தின் சாவி இருக்கும்.

யோவான் வேசம் போடுகிற ஆட்டோக்காரர், இயேசுவின் தோளில், அதாவது பேயாண்டியின் தோளில், தலையைச் சாய்த்திருந்தார். "எனக்குக் கண்ணை மூடிக்கிட்டுச் சாஞ்சிருக்கணும்."

"தூங்கிட்டீங்களாண்ணே?" என்றான் பேயாண்டி.

"தூங்குற மாதிரி நடிக்கிறது கஷ்டம் தம்பி. தூங்குறது ஈசி."

"அப்ப கிண்ணத்தைப் பாக்க வேண்டிய ஆளு யாரு?"

அத்தனை விரல்களும் மிக்கேலைக் காட்டின. தோமையாரின் விரல் முதலில் காட்டியது.

மிக்கேல் தலை குனியவில்லை. "நான் எடுக்கல. அம்புட்டுத்தான் சொல்லுவேன்."

"எடுத்தது யாருன்னு தெரியுமா?"

அவன் வாயைத் திறக்கவில்லை. செபஸ்தியம்மாள் கீழே நின்று மன்றாடினாள். "சொல்லித் தொலையேன்டா! ஏட்டு வந்துருவாருடா!" அதற்கும் அவன் அசையவில்லை.

"பாத்தீங்களா, திருட்டு முழி" என்றார் சந்தியாகு. ஜவுளிக்கடைப் பையிலிருந்து டம்ளரை வெளியே எடுத்துப் பெருமையாகக் காட்டினார். "தடயம். திருடன் கைரேகை இதுல இருக்கு."

"எத்தனை பேரு தொட்டீங்க?"

"ஊரே தொட்டுப் பாத்துச்சு. அதுக்கெல்லாம் அடியில அவன் ரேகை இருக்கும்ல?"

இந்த விஞ்ஞானத்தை அவரிடமே விட்டுவிட்டு நுஸைபா மேசைப் பக்கம் திரும்பினாள். சீடர்களுக்கு முன்னால் ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர், அதே தங்கத்தாள் சுற்றி, வரிசையாக இருந்தது. நேற்று இருந்தபடியே எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாள்.

"யக்கா, எல்லாருக்கும் டம்ளர் வச்சிருக்காய்ங்க, நம்ம தோள்ல தூங்குற அண்ணனுக்கு மட்டும் வைக்கல. பாவம், எந்திரிச்சா இவருக்கும் தண்ணி தவிக்கும்ல?" என்றான் பேயாண்டி.

நுஸைபா அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். அவன் தப்பாக எதுவும் சொல்லிவிட்டோமோ என்று ஆசீர்வாதக் கையை இறக்கிக்கொண்டான்.

"தலைவரே, அந்தத் தடயத்தைக் கொண்டாந்து யோவான் முன்னாடி வைங்க."

சந்தியாகு வைத்தார். வரிசை நிரம்பியது. அதே அளவு, அதே இனிப்புக் கடைத் தாள்.

"திருட வந்தவன் டம்ளர் கொண்டு வரல" என்றாள் நுஸைபா. "யோவானோடதைத் தூக்கி நடுவுல வச்சிருக்கான். இது திட்டம் போட்ட வேலை இல்ல, பதட்டத்துல செஞ்சது. மிக்கேல், உக்காந்த இடத்துல இருந்து இந்த டம்ளரை எடு பாப்போம்."

மிக்கேல் கையை நீட்டினான். மேசை அகலம். கால்வாசி தூரம் எட்டவில்லை. எழுந்து குனிந்தால்தான் முடியும்.

"நேத்து இவன் எந்திரிச்சானா? யாரு வீடியோ எடுத்தீங்க?"

ஊரே எடுத்திருந்தது. எல்லார் போனிலும் மிக்கேலின் முதுகுதான் இருந்தது. ஒரு வீடியோவில் அவன் பிடரியில் குளவி உட்கார்ந்து, சாவகாசமாக நடந்து, பறந்துபோகிறது. முதுகு அசையவே இல்லை.

"எந்திரிக்கல" என்று கூட்டத்தில் யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

"அப்ப அந்த டம்ளர் யார் கைக்கு எட்டும்?"

யோவான் தூங்கிவிட்டார். அவருக்கு இந்தப் பக்கம் இயேசு, அந்தப் பக்கம் பேதுரு. இயேசு வேசம் கட்டுகிற இன்னாசி, மேலூர் பஸ் ஸ்டாண்டில் பேக்கரி வைத்திருப்பவர். நாற்பது நாள் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்து, வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேசம் கட்டி, வண்டியை விட்டு இறங்கும்போதே மயங்கி விழுந்து, இப்போது மேலூர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த மனிதர். ஆண்டவரின் பாடுகளைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டார் என்று ராத்திரியெல்லாம் ஜெபமாலை சொல்லியிருக்கிறார்கள். அவர் பக்கம் யார் பார்வையும் போகவில்லை. எல்லாரும் பேதுருவைப் பார்த்தார்கள்.

சந்தியாகுவின் முகம் செங்கல் நிறத்துக்கு வந்தது. "என்னம்மா, என்னைச் சொல்றியா? நான் கமிட்டித் தலைவரு!"

"நான் ஒண்ணும் சொல்லலையே. நேத்து போட்ட அங்கியெல்லாம் எங்க?"

"ராத்திரியே வேன்ல ஏத்தி மதுரைக்கு அனுப்பியாச்சு. வாடகை டிரஸ்ஸு. தெற்குமாசி வீதி யாசீன் பாய் கடை."

நுஸைபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாசீன் சச்சா தைச்சதா? இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "பேயாண்டி, எந்திரி. மோட்சத்துல இருந்து இறங்கு, ஜல்தி!"

நுஸைபா வண்டி ஓட்டினால் பின்னால் உட்காருகிறவனுக்கு எல்லா மதத்துக் கடவுளும் ஞாபகம் வரும். ஒத்தக்கடை தாண்டும்போது பேயாண்டி கண்ணைத் திறந்து, யானைமலை இன்னும் அதே இடத்தில் இருப்பதைப் பார்த்து ஆறுதல் அடைந்தான்.

"யக்கா, அந்தச் சிமெண்டு மூட்டைதானே?"

"கிண்ணத்தை எடுத்தவன் எங்க வச்சிருப்பான், அதைச் சொல்லு. மேசை மேல வைக்க முடியாது. கீழ போட்டாச் சத்தம் கேக்கும்."

"மடியில?"

"எந்திரிச்சா விழுந்துரும்."

"அங்கிக்குள்ளயா? அதுல எங்கக்கா இடம்? ஏசு காலத்து உடுப்புல பாக்கெட்டா இருக்கு?"

நுஸைபா ஒரு லாரியை முந்தினாள். அவன் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டான்.

யாசீன் கடையில் ராஜா கிரீடம், ராவணன் தலை, தேவதூதர் சிறகு எல்லாம் ஒரே கொடியில் சமாதானமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. யாசீன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"வாம்மா நுஸைபா. டீ சொல்லவா? இந்தத் தம்பி ஏன் வெளிறிப் போயிருக்கு?"

"வண்டியில வந்துச்சு சச்சா. சம்மனசுபட்டி மூட்டையைப் பிரிச்சுட்டீங்களா?"

"இன்னும் பிரிக்கல. ராத்திரி வந்ததை அப்படியே போட்டு வச்சிருக்கேன். ஏம்மா, எதுவும் கிழிச்சுட்டாய்ங்களா?"

"இவனுக்கு ஒரு சந்தேகம். அந்தக் காலத்து அங்கிக்குப் பாக்கெட் உண்டான்னு கேக்குறான்."

யாசீனுக்குக் கோபமே வந்துவிட்டது. "எந்தக் காலமா இருந்தா என்ன தம்பி? உள்ள நிக்கிறவன் இந்தக் காலம்ல? ராஜாவுக்குப் பீடி வைக்கணும். ராணிக்குப் போன் வைக்கணும். முனிவர் வேசம் கட்டுறவனுக்குப் பான்பராக் வைக்கணும். இடம் இல்லைன்னா இடுப்புல சொருகுறாய்ங்க, துணி நாசமாப் போகுது. அதான் என் கையால தைக்கிற எல்லாத்துக்கும் இடது பக்கம் உள்ளுக்குள்ள ஒரு பாக்கெட். ஏசுவுக்கும் உண்டு, எமனுக்கும் உண்டு."

"பெரிய பாக்கெட்டா?"

"ஒரு குவாட்டரு நிக்கும்."

மூட்டையைப் பிரித்தார்கள். அங்கிகள் எல்லாம் ஒரே மாதிரி. கழுத்துப் பட்டைக்கு உள்ளே யாசீன் மையால் பேர் எழுதி வைத்திருந்தார். பேயாண்டி ஒவ்வொன்றாக உதறிப் பாக்கெட்டுக்குள் கையை விட்டான்.

"தோமையார். பீடிக்கட்டு, தீப்பெட்டி. பத்த வச்ச பீடி ஒண்ணு பாதியில அணைச்சு வச்சிருக்காரு. விரலைப் பாத்துக்கிட்டு இருந்தேன்னாரே, அந்த விரல் சந்துல பீடி இருந்ததைச் சொல்லவே இல்லியே!"

அடுத்தது மத்தேயு. கடலை மிட்டாய்த் தாள்கள். யோவான் அங்கியில் ஒற்றைக் காதுக்கு மாட்டுகிற இயர்போன்.

"தூங்குனேன்னு சொன்ன ஆளு மேட்ச் கமெண்ட்ரி கேட்டிருக்காரு யக்கா!"

பேதுருவின் அங்கியைத் தூக்கவே இரண்டு கை வேண்டியிருந்தது. அதன் பாக்கெட்டிலிருந்து எண்ணெய் ஊறின பொட்டலம் ஒன்று வந்தது. பேயாண்டி முகர்ந்து பார்த்தான். பிரித்துப் பார்த்தான். சில்லி சிக்கன். சாப்பிட்டு முடித்த எலும்பும் உள்ளேயே பத்திரமாக இருந்தது.

யாசீன் பதறினார். "நேத்து அவுகளுக்குப் பெரிய வெள்ளில்ல? கவுச்சியே கூடாதேம்மா!"

"அப்படியே மடிச்சு வைங்க சச்சா, அந்த அங்கி எனக்கு வேணும்" என்றாள் நுஸைபா.

யூதாசின் அங்கியைப் பேயாண்டி எடுத்தபோது பாக்கெட்டுக்குள் அவன் விரல் நுழையவில்லை. புது அங்கிகளில் பாக்கெட் வாய் தொங்காமல் இருக்க யாசீன் நாலு தையல் ஓட்டி விடுவார். போடுகிறவர்கள் பிரித்துக்கொள்வார்கள். யூதாசின் பாக்கெட்டில் தையல் அப்படியே இருந்தது. மிக்கேல் அதைத் தொடவே இல்லை.

கடைசியாக ஒரு வெள்ளை அங்கி. இடது பக்கம் திராட்சை ரசக் கறை பெரிதாகப் பரவியிருந்தது. பேயாண்டி கையை விட்டான். அவன் கையோடு வெள்ளிக் கிண்ணம் வந்தது.

"யக்கா... ஏசுவா?"

"வேற யாரு எடுத்திருந்தாலும் அங்கியைக் கழட்டும்போது கிண்ணத்தையும் எடுத்திருப்பான்ல? தன் கையால அங்கியைக் கழட்டாத ஆளு ஊர்ல ஒருத்தருதான். மயங்கி விழுந்தவரு. மத்தவங்கதான் உருவி மூட்டையில போட்டிருக்காங்க."

பேயாண்டி கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப அந்தப் பய... நேர் எதிர்ல உக்காந்து எல்லாத்தையும் பாத்துட்டு, வேலை போனாலும் பரவாயில்லன்னு வாயை மூடிக்கிட்டு இருக்கானா? யூதாசு ஏசுவைக் காட்டிக் குடுக்க மாட்டேங்கிறானா?"

நுஸைபாவும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

அவர்கள் சம்மனசுபட்டிக்குத் திரும்பியபோது கோயில் வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. இன்னாசி வந்திருந்தார். தோள் வரைக்கும் தொங்கும் முடி, கையில் குளுக்கோஸ் ஏற்றின பிளாஸ்திரி, கைலி. ஜனங்கள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் காலை இழுத்துக்கொண்டு எதையோ சொல்லப் பார்த்தார். ஒருவரும் விடவில்லை.

நுஸைபா கிண்ணத்தை மேசை நடுவில் வைத்தாள். சத்தம் அடங்கியது.

"எங்க இருந்துச்சு?" என்றார் சந்தியாகு.

"எங்கிட்ட" என்றார் இன்னாசி. "அதைத்தான்யா வந்ததுல இருந்து சொல்லப் பாக்குறேன். எனக்கு சுகர். புளியந்தோப்பு வளைவுல கண்ணு இருட்டிருச்சு. கரண்டும் இல்ல. முன்னாடி மிக்கேலு முதுகு மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. கிண்ணத்துல இருந்த ரசத்தை எடுத்துக் குடிச்சுட்டேன். திருப்பி வைக்கப் போனேன், வேகத்தடையில வண்டி தூக்கிப் போட்டுச்சு. அதுக்குள்ள அம்புட்டுப் பேரும் போன் லைட்டை அடிச்சுட்டாய்ங்க. கிண்ணத்தைப் பாக்கெட்டுல போட்டுட்டு, கைக்குச் சிக்குன டம்ளரை நடுவுல வச்சேன். இறங்குனதும் எடுத்துக் குடுத்துறலாம்னு இருந்தேன். அப்புறம் எனக்கு நினைவே இல்ல. இந்தப் பயலைப் புடிச்சு வச்சிருக்கீங்கன்னு ஆஸ்பத்திரிக்குப் பாக்க வந்தவுக சொல்லித்தான் தெரியும்."

அவர் மிக்கேலின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மிக்கேல் சங்கடத்தோடு நின்றான்.

சந்தியாகு மட்டும் அசரவில்லை. "அப்ப ஊர்வலத்துல அசைஞ்சது உண்மை. ஒருசந்தி முறிச்சதும் உண்மை. இன்னாசி, உன் வீட்டை விட்டு வேசம் போச்சு. இவன் எல்லாத்தையும் பாத்துட்டு மறைச்சிருக்கான். கூட்டுக் களவாணி. ஏட்டுக்குப் போன் பண்ணிட்டேன், இனி வாபஸ் வாங்குனா என் மருவாதி என்ன ஆகுறது? கேஸ் கேஸ்தான்."

"ஏண்டா சொல்லல?" என்று இன்னாசி மிக்கேலைக் கேட்டார். "நானே உன்னைக் கோவிச்சுக்க மாட்டேனேடா."

மிக்கேல் இப்போதுதான் மனசைத் திறந்தான்.

"எங்க வீட்டுக்கு ஊர்ல என்ன பேருன்னு உங்களுக்குத் தெரியும்ல? காட்டிக்குடுத்தான் வீடு. எங்க அய்யா கடனுக்கு அரிசி வாங்கப் போனாலும் காட்டிக்குடுத்தான் வந்துட்டான்னுதான் சொன்னீங்க. அவரு செத்தன்னைக்குத் தூக்க வந்தவுக, காட்டிக்குடுத்தான் போயிட்டான்னு பேசுனதை நான் கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன். வருசத்துல ஒரு நாள் வேசம் கட்டுனதுக்கு அம்புட்டுப் பேச்சு. போலீஸ் வேலை போனாப் போகுது. எங்க வீட்டுல யாரும் யாரையும் காட்டிக் குடுக்க மாட்டோம்."

செபஸ்தியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நுஸைபா பையிலிருந்து அந்தப் பெரிய அங்கியை எடுத்து உதறினாள். "தலைவரே, அசைஞ்சா வேசம் போயிரும்னீங்க. சரி. இதைக் கொஞ்சம் பாருங்க. பாக்கெட்டுல சில்லி சிக்கன். எலும்பு வரைக்கும் இருக்கு. அசையாம எலும்பு கடிக்க முடியுமா?"

"அது... அது என் அங்கி இல்ல" என்றார் சந்தியாகு.

பேயாண்டி அங்கியை வாங்கி அவர் மேல் வைத்துப் பார்த்தான். "இம்புட்டு அகலத்துக்கு ஊர்ல வேற யாரு இருக்கா தலைவரே?"

"எனக்கு அந்தக் கோழியைத் தெரியாது!"

"கழுத்துல பேதுருன்னு எழுதியிருக்கு. நீங்கதானே பேதுரு?"

"ஆண்டவர் மேல சத்தியமா, எனக்கும் அந்தப் பொட்டலத்துக்கும் சம்பந்தமே இல்ல!"

கோயிலுக்குப் பின்னால் யார் வீட்டுக் கூரை மேலோ ஏறி நின்று ஒரு சேவல் கூவியது.

முதலில் தோமையார் சிரித்தார். அவரைப் பார்த்து மத்தேயு சிரித்தார். அப்புறம் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பைபிள் கதை தெரியாத பேயாண்டி, "என்னண்ணே, கோழி சாட்சி சொல்லுதா?" என்று யோவானிடம் கேட்டான். அவர் சிரித்த சிரிப்பில் மேசையிலிருந்து டம்ளர்கள் உருண்டன.

சந்தியாகு சிரிக்கவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. சேவல் கூவுவதற்குள் இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மூன்று தடவை மறுத்த கதையைச் சின்ன வயதிலிருந்து அவர் வருடா வருடம் கேட்டவர். அது தன்னைப் பற்றினது என்று இன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் ஏட்டு அழகுபாண்டி வந்து இறங்கினார்.

"என்னங்க, திருட்டுன்னு போன் வந்துச்சு, இங்க திருவிழா மாதிரி சிரிக்கிறீங்க?"

"பொருள் கிடைச்சுருச்சு சார். திருட்டு இல்ல" என்றாள் நுஸைபா.

"அது சரிம்மா. போன்ல ஒரு பேரு சொன்னாய்ங்களே, மிக்கேலுன்னு. அந்தப் பேருல எங்களுக்கு ஒரு வெரிபிகேஷனும் வந்து கிடக்கு. ரெண்டும் ஒரே ஆளா?" ஏட்டு கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சந்தியாகுவிடம் திரும்பினார். "நீங்கதானே தலைவரு? அந்தப் பையனைத் தெரியுமா உங்களுக்கு?"

சிரிப்பு நின்றுபோனது. செபஸ்தியம்மாள் மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சந்தியாகு ரோட்டைப் பார்த்தார். தன் அங்கியைப் பார்த்தார். மிக்கேலைப் பார்க்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தெரியும் சார்" என்றார். "நல்லாத் தெரியும். பிறந்ததுல இருந்து தெரியும். போன் பண்ணது நான்தான், தப்பாப் பண்ணிட்டேன். உசுரே போனாலும் ஒருத்தரைக் காட்டிக் குடுக்காத பய. எங்க ஊர்ல அசையாத ஆளு இவன் ஒருத்தன்தான். எழுதிக்கங்க."

"இதுக்குச் சாட்சிக் கையெழுத்து வேணுமே. யாரு போடுறது?"

ஏட்டு பேனாவை நீட்டினார். டிராக்டரிலிருந்து சீடர்கள் குதித்து இறங்கினார்கள். இன்னாசி பிளாஸ்திரிக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். எல்லாரையும் தள்ளிக்கொண்டு போய்ப் பேனாவை முதலில் பிடுங்கியது சந்தியாகுதான்.